நிறுத்தியும் நிற்காத யானை

“திருடி இதோ உக்காந்திருக்கா மேடம். நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்” என்றார் முதலாளி.

ஆகா, பாதி வேலையை அவரே முடித்துவிட்டார். துப்பறியும் தொழிலில் இப்படிப்பட்ட தாராள மனசுக்காரர்கள் அபூர்வமாகத்தான் கிடைப்பார்கள். நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. வீட்டில் அண்ணன் சொல்லும் பொய்களைப் பிடித்துப் பிடித்துக் கை தேர்ந்து, அந்தத் திறமை வீணாகப் போகக்கூடாதென்று வெளியிலும் கடை விரித்தவர். நான் அவருடைய உதவியாளன். வேலை நேரத்தில் பேசுவது, வேலை இல்லாத நேரத்தில் இன்னும் அதிகமாகப் பேசுவது, இவை இரண்டும் என் பொறுப்பு. என் தலைமுடியைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் தெருவில் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மூலை நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. ஆபீசில் அவளுக்குப் பெயரே பென்சில்தான். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள், ஆனால் தலையைக் குனியவில்லை.

அந்த ஆபீஸ் சிறுவர் விளையாட்டுத் திடல்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று தன் தோட்டத்தில் ஒரு திடல் கேட்டிருந்தது. போட்டிக்கு இரண்டே பேர். இவர் ஒருவர், தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இருப்பவர் இன்னொருவர். நேற்று இரண்டு பேரின் படங்களையும் ஆஸ்பத்திரிக் கூடத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போன முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. தும்பிக்கையே சறுக்குமரமாக இறங்கும் யானை ஒன்று இவர் படத்தில் இருந்தது. எதிராளி படத்திலும் அதே யானை.

“படம் இவகிட்டயும் என்கிட்டயும்தான் இருந்துச்சு. அந்த யானையை வெச்சு என்கூட ஒரு வாரம் மல்லுக்கு நின்னா. அந்தக் கோவத்துல தூக்கி எதிர்ல குடுத்துட்டா” என்றார் முதலாளி. “இன்னிக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லிடப் போறேன். அதுக்கப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தனும் இவளை வாசப்படி ஏத்த மாட்டான்.”

“நான் குடுக்கல” என்றாள் பென்சில்.

அண்ணி ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். “ரெண்டு படத்தையும் காட்டுங்க சார்.”

முதலாளி தன் போனில் எடுத்து வந்த எதிராளியின் படத்தையும், சுவரில் மாட்டியிருந்த தன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே முதுகு, அதே படிக்கட்டு, அதே மடிந்த காது. அச்சு அசல்.

“ஒண்ணுதான்” என்றேன்.

“கண்ணை நல்லாத் தொறந்து பாரு தம்பி. உன் கண்ணை இல்ல, யானையோட கண்ணை.”

அட! முதலாளியின் யானை நேராகப் பார்த்தது. எதிராளியின் யானைக்கு ஒன்றரைக் கண். ஒன்று கீழே பார்த்தது, இன்னொன்று எங்கோ மேலே போயிருந்தது.

“ஆரம்பத்துல நான் அப்படித்தான் வரைஞ்சேன்” என்றாள் பென்சில். “சார்தான் நேராக்கச் சொன்னார்.”

“பின்ன? ஆஸ்பத்திரிக்கு ஒன்றரைக் கண் யானையை அனுப்பினா சிரிக்க மாட்டாங்க?”

“ஏம்மா, எதுக்கு அப்படி வரைஞ்ச?” என்றார் அண்ணி.

“அது வந்து மேடம், அந்த வார்டு ஜன்னல்...”

“அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு?” என்று முதலாளி குறுக்கே பாய்ந்தார். “திருட்டைப் பேசுங்க.”

“திருட்டைத்தான் சார் பேசறேன். இந்தப் பொண்ணு குடுத்திருந்தா கடைசியாப் போட்ட நல்ல படத்தைக் குடுத்திருக்கும். பழசை எதுக்குக் குடுக்குது? எதிராளிகிட்டப் போனது நீங்க வேண்டாம்னு தூக்கிப் போட்ட யானை. சரி, பழைய படம் இப்ப எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல. என் கண் முன்னாடியே அழிச்சாச்சு.”

“அழிக்கறதுக்கு முன்னாடி வெளி ஆளு யாராவது பாத்தாங்களா?”

“வர்றவங்களுக்குக் காட்டுவேன். ஆனா எடுத்துட்டுப் போக முடியாது. அதுக்குன்னே எங்க மச்சான் ஒரு ப்ரோகிராம் எழுதிக் குடுத்திருக்கான். பிரமாதமா எழுதுவான்.”

மனைவியின் தம்பியை இவ்வளவு புகழ்கிற மனிதரை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். வேடிக்கை பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலாளி தன் கம்ப்யூட்டரில் ஒரு குட்டி யானைப் படத்தை இரண்டு தட்டு தட்டினார். சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. அதில் பச்சையில் ஸ்டார்ட், சிவப்பில் ஸ்டாப் என்று இரண்டே பட்டன்கள். மேலே, ‘சர்வர் நின்றிருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

“இந்த ப்ரோகிராமுக்கு உள்ளேயே ஒரு சின்ன வெப் சர்வர் இருக்கு மேடம். ஸ்டார்ட்டை அமுக்கினா ஓடும். எங்க வைஃபைல இருக்கறவங்க போன்ல பிரவுசரைத் தொறந்து இந்த நம்பரைப் போட்டா, திடலைச் சுத்திப் பாக்கலாம், தும்பிக்கையில சறுக்கலாம். ஸ்டாப் ஆயிட்டா ஒண்ணும் தெரியாது.”

“கடை தொறந்து, ஷட்டர் போடற மாதிரி” என்றேன்.

“அதேதான். ஸ்டார்ட் பண்ணும்போது எந்தப் படம் இருக்கோ அதைத்தான் கடைசிவரைக்கும் காட்டும். வந்தவங்க கிளம்பினதும் மறக்காம நிறுத்திடுவேன். என் கம்ப்யூட்டரை வேற யாரும் தொடவும் கூடாது. அது இங்க சட்டம்.”

அவர் ஸ்டார்ட்டை அழுத்தினார். ஜன்னலில் ஒரு நீளமான நம்பர் வந்தது. உடனே எழுந்து போய்ச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில், ஏற்கெனவே எழுதியிருந்த அதே நம்பரின் கடைசி இலக்கத்தை மட்டும் விரலால் அழித்துவிட்டு 7 என்று எழுதினார். மற்ற இலக்கங்கள் எல்லாம் கொட்டை கொட்டையாகத் தெளிவாக இருந்தன. கடைசி இலக்கத்தின் இடம் மட்டும் அழித்து அழித்து, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தது.

அண்ணி ஆரஞ்சைக் கீழே வைத்தார். அவர் தின்பண்டத்தைக் கீழே வைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“அந்த நம்பர் ஏன் சார் மாறுது?”

“ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடும். நானும் மாத்தி எழுதிக்குவேன். ஏன்னு மச்சானைக் கேக்கல. கேட்டா கிளாஸ் எடுப்பான்.”

“ஒரே வீட்டுக்கு வாசல் நம்பர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. சரி, நிறுத்துவேன்னு சொன்னீங்களே, எப்படி நிறுத்துவீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்க.”

முதலாளி ஜன்னலின் மேல் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார். ஜன்னல் மறைந்தது. “நின்னாச்சு” என்று கையைத் தட்டிக்கொண்டார். “சந்தேகம்னா மறுபடி தொறந்து காட்டறேன், பாருங்க.” குட்டி யானையைத் தட்டினார். புது ஜன்னல் வந்தது. ‘சர்வர் நின்றிருக்கிறது.’

“ஸ்டாப் பட்டன்?”

“மூடினா நிக்காதா என்ன? கடையை மூடிட்டுப் போய் வியாபாரம் பண்ண முடியுமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

அண்ணி சிரிக்கவில்லை. “கம்ப்யூட்டரை எப்ப சார் கடைசியா அணைச்சீங்க?”

“ஐயய்யோ, அதை அணைக்கவே மாட்டேன். ஒரு தடவை அணைச்சுட்டு, திரும்ப எழுப்பறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. திரையை மட்டும் அணைச்சுட்டுப் போவேன், அவ்வளவுதான்.”

அண்ணி எழுந்து ஜன்னலோரம் போனார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பால்கனியில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அவர்தானே உங்க எதிராளி? தம்பி, இங்க வா. அவர் தலையைப் பாரு. அப்புறம் நம்ம சார் தலையைப் பாரு.”

பார்த்தேன். எதிராளிக்கு இடது காதுக்கு மேலே முடியில் ஒரு படிக்கட்டு இறங்கியது. முதலாளிக்கும் இடது காதுக்கு மேலே அதே படிக்கட்டு. வலது பக்கம் இருவருக்கும் ஒழுங்காக இருந்தது.

“ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?” என்றேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே கத்தரிக்கோல்” என்றார் அண்ணி. “எங்க சார் முடி வெட்டிக்கறீங்க?”

“கீழ் வீட்டு சலூன்லதான். அவரு ரொம்ப வேண்டியவரு. எனக்கு இலவசமா வெட்டுவாரு.” முதலாளியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “நான் அவருக்கு வைஃபை குடுத்திருக்கேன்.”

“அவருக்கும் யானையைக் காட்டினீங்களா?”

“முதல்நாள் ஒரு பெருமைக்குக் காட்டினேன். அதனால என்ன? அன்னிக்கே மூடிட்டேனே!”

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

“தம்பி, உனக்கு முடி அதிகமாயிடுச்சு.”

“அண்ணி, கேஸுக்காக உயிரைக் கேளுங்க, தரேன். இது அநியாயம்.”

“உயிர் திரும்ப வளராது. முடி வளரும். போ. போனை மட்டும் காதுல வெச்சுக்க.”

சலூனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நாலு வயசு வாண்டு ஒன்று துணியால் கழுத்துவரை போர்த்தப்பட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாலு வயசுப் பிள்ளை கத்தரிக்கோலுக்கு அடியில் அசையாமல் இருப்பது இயற்கைக்கு விரோதம். எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு டேப்லெட் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒன்றரைக் கண் யானை. வாண்டு ஒரு விரலால் தட்டத் தட்ட, ஒரு பொம்மைப் பிள்ளை தும்பிக்கையில் சர்ரென்று சறுக்கியது.

சலூன்காரர் என்னை அடுத்த நாற்காலியில் அமுக்கி, இடது காதுப் பக்கம் வேலையை ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அண்ணே, இந்த யானை நல்லா இருக்கே! எப்பவும் வருமா?”

“மாடி சார் ஒரு நாள் காட்டினாரு. அதுலேருந்து ராத்திரி பகல் எந்நேரமும் வருது. யானை வந்த பிறகு இந்தக் கடையில ஒரு பிள்ளை அழுததில்ல. எதிர் ஆபீஸ் சாரோட பொண்ணு இதைக் காட்டலேன்னா கத்தரிக்கோலைக் கிட்டவே விடாது.”

சிக்கினார் எதிராளி! நான் போனில் கிசுகிசுத்தேன். “அண்ணி, இங்க யானை ஓடுது. போர்டுல இருக்கற அதே நம்பர்தான், கடைசியில மட்டும் ஒண்ணு. எதிராளி இங்க வர்றாரு.”

“அப்படியே இரு” என்றார் அண்ணி. பிறகு முதலாளியிடம் பேசுவது கேட்டது. “சார், இப்ப ஸ்டார்ட் பண்ணி, உடனே ஸ்டாப்பையே அமுக்குங்க... தம்பி, அங்க யானை நின்னுச்சா?”

“சறுக்கிக்கிட்டு இருக்கு.”

“ஜன்னலை மூடுங்க சார்... இப்போ?”

“இன்னும் ஜோரா சறுக்குது.”

“பொய் சொல்றான்!” என்று முதலாளி கத்துவது போனிலும் கேட்டது, மேல்தளம் வழியாகவும் கேட்டது.

என்னை யாரும் பொய்யன் என்று சொல்லக்கூடாது. அந்த உரிமை என் வீட்டாருக்கு மட்டும்தான். போர்த்திய துணியை உதறிவிட்டு மாடிக்கு ஓடினேன். இடது பக்கம் ஏற்கெனவே படிக்கட்டு விழுந்திருந்தது, வலது பக்கம் என் பழைய அழகு அப்படியே இருந்தது. பென்சில் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், அதனால் மன்னித்தேன்.

“வாம்மா” என்று அண்ணி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். முதலாளி சட்டத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். “திரையில கடிகாரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கு பாரு. அதை அமுக்கு.”

அமுக்கினாள். குட்டிப் பெட்டி ஒன்று விரிந்தது. அதற்குள் யானை, யானை, யானை. வரிசையாக ஒரு கூட்டமே நின்றது.

“என்னது இது?” என்றார் முதலாளி. குரல் கீச்சிட்டது.

“நீங்க மூடினதா நெனச்ச கடையெல்லாம்தான் சார். பெருக்கல் குறியை அமுக்கினா ஜன்னல் மட்டும்தான் மறையுது. சர்வர் இங்க ஒளிஞ்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கு. மறுநாள் வந்து மறுபடி தட்டறீங்க. அது புதுசா இன்னொண்ணு. புதுசு இன்னும் ஸ்டார்ட் ஆகாததால ‘நின்றிருக்கிறது’ன்னு சொல்லுது. நீங்களும் நிம்மதியாயிடறீங்க. ஸ்டார்ட்டை அமுக்கினா, பழைய வாசல்ல பழசு உக்காந்திருக்கு. அதனால அது அடுத்த வாசலுக்குப் போகுது. நீங்க போர்டுல ஒண்ணைக் கூட்டி எழுதிட்டீங்க. அந்தக் கறுத்த இடத்தைப் பாத்தப்பவே எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சு.”

“கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சிருந்தாக் கூட கூட்டம் கலைஞ்சிருக்கும்” என்று நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன்.

பென்சில் ஒவ்வொரு யானையாகத் திறந்து சிவப்பு பட்டனை அழுத்தினாள். ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே வந்தாள். கடைசியாக மிஞ்சியது ஒன்றாம் நம்பர் வாசல், ஒன்றரைக் கண் யானை. அவள் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்டாப்பை அழுத்தினாள்.

கீழேயிருந்து வீரென்று ஒரு அலறல் கேட்டது. நாலு வயசுத் தொண்டை. தொடர்ந்து சலூன்காரர், “யாருய்யா யானையை நிறுத்தினது?” என்று கூவினார்.

“நிரூபிச்சுக் குடுக்கச் சொன்னீங்களே, அதோ நிரூபணம் அழுவுது” என்றார் அண்ணி.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பென்சில் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். பிறகு வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு எழுந்தார். “அப்போ அந்த எதிராளிதான் திருடன்! நாலு மணிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!”

பாவம், திருடன் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கமிட்டியின் தலைவி, தலை நரைத்த பெரிய டாக்டரம்மா. எதிராளி தன் ஆறு வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“இந்த யானை என் பொண்ணோட கற்பனை, டாக்டர். அவளுக்குக் கனவுல வந்துச்சாம். உக்காந்து உக்காந்து விவரமாச் சொன்னா, நான் அப்படியே வரைஞ்சேன். இந்த வயசுல என்ன மூளை பாருங்க!”

அந்த மனிதர் சத்தியமாக நம்பினார். முகத்தில் அவ்வளவு பெருமை. திருடன் முகத்தில் அது வராது. எனக்கு சப்பென்று ஆகிவிட்டது.

அதற்குள் அந்த மூளைசாலி அப்பாவின் கையை விட்டுவிட்டு எங்கள் படத்துக்கு முன்னால் ஓடி வந்து நின்றாள். “ஹை! அப்பா, சலூன் யானை! இதுதான் சலூன் யானை!” என்று குதித்தாள். அப்புறம் அவள் முகம் வாடியது. “ஆனா யாரோ கண்ணைக் கெடுத்துட்டாங்க.”

எதிராளியின் முகத்தில் ரத்தமே இல்லை. “சலூனா? கனவுன்னு சொன்னியே கண்ணு?”

“நீ அங்க குறட்டை விட்டுத் தூங்குவ இல்ல, அப்போ நான் பாப்பேன். எங்க பாத்தேன்னு நீ கேக்கவே இல்ல.”

முதலாளியின் உண்டு இல்லை எல்லாம் அந்த இடத்திலேயே புஸ்ஸென்று போனது. ஒருத்தர் பட்டனை அழுத்தாதவர், இன்னொருத்தர் தூங்கினவர். இதில் யாரைப் போய்ப் பிடிப்பது?

டாக்டரம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அது கிடக்கட்டும். குழந்தை சரியாத்தான் சொல்லுது. ஒண்ணுக்கு ஏன் ஒன்றரைக் கண்?”

“பிள்ளைங்களுக்குச் சிரிப்பு வரும்னு...” என்று எதிராளி இழுத்தார். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. முதலாளி தரையைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா” என்றார் அண்ணி.

பென்சில் கூடத்தின் ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து தோட்டம் தெரிந்தது, அதற்கு அப்பால் வார்டின் மாடி ஜன்னல்களும் தெரிந்தன. “ஒரு கண்ணு கீழ சறுக்கற பிள்ளைங்களைப் பாக்கும் டாக்டர். இன்னொரு கண்ணு அந்த ஜன்னலைப் பாக்கும். கீழ இறங்கி வர முடியாத பிள்ளைங்க அங்கதானே படுத்திருக்கும்? சின்ன வயசுல நானும் இந்த மாதிரி ஒரு ஜன்னலோரம் ரொம்ப நாள் படுத்திருக்கேன். கீழ எல்லாரும் விளையாடுவாங்க. ஒருத்தரும் நிமிர்ந்து பாக்க மாட்டாங்க.”

எதிராளி மெதுவாகப் போய்த் தன் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலாளி பென்சில் பக்கம் திரும்பினார். “இதை என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க சொல்ல விடவே இல்ல சார்.”

அவருக்கு முகம் சிறுத்துப் போனது. “இவளைத் திருடின்னு சொல்றதுக்குத்தான் இங்க வந்தேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “தப்பு பூராவும் என்னோடது. மன்னிச்சுடும்மா.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அந்தக் கண்ணை இப்பவே திரும்பப் போட முடியுமா? போட்டுட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

பென்சில் கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது. எதிராளியின் மகள் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று வழி சொல்ல ஆரம்பித்தாள்.

“டாக்டர், இவனோட தலைக்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கான்னு கேட்டுடாதீங்க” என்று அண்ணி என் பக்கம் கையைக் காட்டினார். கூடமே சிரித்தது. நான் வலது பக்கத்தை மட்டும் அவர்களுக்குக் காட்டியபடி திரும்பி நின்றுகொண்டேன்.

படம் நிறுத்தியிருந்த பலகை, அவள் கோடு போடும்போது லேசாக ஆடியது. முதலாளி ஓடிப்போய் அதன் பின்னால் குனிந்து, அவள் வரைந்து முடிக்கும்வரை இரண்டு கையாலும் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார்.